மேசையில் படுத்த சட்டை

என் அண்ணியை யார் வீட்டுக்கும் சாப்பிடக் கூட்டிப் போக முடியாது. சாப்பாட்டு மேசையைக் கண்டதும் குனிந்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். வீட்டுக்காரர்கள் அவருக்கு மயக்கம் வந்துவிட்டதென்று தண்ணீர் எடுக்க ஓடுவார்கள். தண்ணீரோடு திரும்பி வரும்போது அண்ணி நிமிர்ந்து நிற்பார்.

"இதப் பூசுனவன் நடுவுல பிரஷ்ஷ நிறுத்திட்டு யார்கூடயோ பேசியிருக்கான்."

அதோடு அந்த வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டிருந்தாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

இருபது வருசம் மரம் தேய்த்தவர். பட்டறையில் அவருக்கு வைத்த பெயரே உப்புத்தாள். மரம் தேய்க்கும் சொரசொரத் தாள் எப்போதும் கையில் இருந்ததால் பாதிப் பெயர், வாய்க்காக மீதிப் பெயர். தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. அடையாள அட்டை எடுக்கிற ஆபீசில் கைரேகை மெஷின் ஒன்பது தடவை சிவப்பு விளக்கு காட்டியது. அங்கே உட்கார்ந்திருந்தவர் சலித்துப் போய்விட்டார்.

"ஏம்மா, உங்க ரேகையெல்லாம் எங்கம்மா போச்சு?"

"பாதி ஊரு மேசைல கிடக்கு சார். போய் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுத்த விரலை நீட்டினார்.

அந்தப் பட்டறையில் தேய்ப்பது அண்ணி, பூசுவது பாலிஷ் மேஸ்திரி. பிரஷ்ஷைத் தொடும் உரிமை மேஸ்திரி ஒருவருக்குத்தான். தன் பிள்ளைகளைவிட அந்த பிரஷ்ஷைப் பத்திரமாக வைத்திருந்தார். பிள்ளைகளை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டியதில்லை. வருசத்துக்கு ஒரு தடவை அண்ணி, "மேஸ்திரி, ஒரு பலகை நான் பூசிப் பாக்கட்டுமா?" என்று கேட்பார். மேஸ்திரி வருசத்துக்கு ஒரு தடவை, "தேய்க்கிற கை முரட்டுக் கை. அது பூசாதும்மா" என்று சொல்வார். இப்படி இருபது தடவை கேள்வியும் பதிலும் ஆயிற்று.

போன வருசம் ஒரு வாடிக்கையாளர், மேசை திட்டுத்திட்டாக மின்னுகிறது என்று சண்டைக்கு வந்தார். மேஸ்திரி கொஞ்சமும் யோசிக்காமல் அண்ணி பக்கம் கையைக் காட்டினார். "தேய்ப்பு சரியில்ல சார்." அண்ணி வந்தவரைக் குனிய வைத்தார். டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து அடித்தார்.

"இங்க பாருங்க சார். இது தாள் போட்ட கோடில்ல. பாதி காஞ்ச இடத்துல பிரஷ் மறுபடியும் போயிருக்கு. இந்த இடத்துலதான் அவரு டீ குடிக்கப் போனாரு. ரெண்டு டீ."

அன்றைக்கே வேலை போனது. நிறுத்திவிட்டேன் என்று மேஸ்திரி சொல்வார், நின்றுவிட்டேன் என்று அண்ணி சொல்வார். அண்ணி நேராகக் கடைக்குப் போய் ஒரு நல்ல பிரஷ் வாங்கி வந்தார். ஆனால் அதற்கு வேலை இல்லை. உப்புத்தாள் கையில் பிரஷ் கொடுத்தால் மரம் அழும் என்று மேஸ்திரி கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் அண்ணன் வண்டி ஓட்டப் போன நேரத்திலெல்லாம், வீட்டில் இருந்த பலகை, கதவு, முக்காலி எல்லாவற்றையும் அண்ணி பூசித் தள்ளினார். ஒரு கட்டத்தில் அண்ணன் நாற்காலியில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே சாப்பிட்டான்.

நான் இஸ்திரிக்காரன். ஒரு தையல் கடையில் தைத்து வரும் துணியெல்லாம் என் பெட்டிக்குக் கீழே போய்த்தான் வெளியே போகும். கடைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் டைலரம்மா என்போம். அவர் துணி வெட்ட ஒரு புது மேசை செய்தார். எட்டடி நீளம், நாலடி அகலம். வாசல் வழியே நுழையாது என்பதால் தச்சர் கடைக்குள்ளேயே வைத்துப் பலகைகளை ஒட்டிச் செய்துவிட்டுப் போனார். வெளிர் மஞ்சள் மரம், வரிவரியாக, பார்த்தால் தேன் ஓடுவது மாதிரி இருக்கும்.

"கலரு கிலரு அடிக்கக் கூடாது" என்றார் டைலரம்மா. "மரம் மரமாவே தெரியணும். ஆனா துணிய இங்க போட்டா அங்க போய் நிக்கணும். ஒரு நூலு கூடச் சிக்கக் கூடாது. ஆள் இருக்கா?"

"எங்க அண்ணி இருக்காங்க" என்றேன். கடைத்தெருப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. அண்ணி பூசின எங்கள் வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். டைலரம்மா அதைத் தடவிப் பார்த்தார். "சரி, வரச் சொல்லு. திங்கக்கிழமை நூறு மூட்டை துணி வருது. அதுக்குள்ள முடியணும்." அவர் சொன்னது பத்து மூட்டை. என் காதுக்கு நூறாகக் கேட்டது.

தையல் கடையில் வார்னிஷ் பூசுவதும் கோழிப்பண்ணையில் வடகம் காயப்போடுவதும் ஒன்றுதான். காற்றெல்லாம் பஞ்சும் நூலும். அண்ணி செவ்வாய்க்கிழமை வந்தார். முன்னறையைக் காலி செய்யச் சொன்னார். என் இஸ்திரி ஸ்டாண்டை மெஷின்கள் இருக்கும் பின்னறைக்குத் தள்ளினார். நடுக் கதவில் ஈரத் துணி தொங்கவிட்டார். தரையில் தண்ணீர் தெளித்தார். மின்விசிறியை நிறுத்தினார். நாள் முழுக்க மரத்தைத் தேய்த்துத் துடைத்தார். புதன்கிழமை காலை, வார்னிஷ் டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கலக்கி, தின்னர் விட்டு இளக்கி, முதல் பூச்சுப் பூசினார்.

வியாழக்கிழமை காலை ஈரத் துணியை விலக்கிப் பார்த்தோம். ஜன்னல் பக்கம் மேசை கண்ணாடி மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரி, மிளகளவு குழிகள். ஒன்றிரண்டு அல்ல, கோடி.

அண்ணி தேய்த்தார், துடைத்தார், மறுபடி பூசினார். பூசி முடித்த கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் வார்னிஷ் தானாக விலகி, மறுபடி குழி குழியாக வாயைத் திறந்தது.

வெள்ளிக்கிழமை காலை டைலரம்மா யாருக்கோ போன் பண்ணினார். பத்து மணிக்கு பாலிஷ் மேஸ்திரி வந்து சேர்ந்தார். சும்மா வரவில்லை. தோளில் ஒரு மைக்கா ஷீட், கையில் ஒரு டப்பா பசை. மேசையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அவருடைய மகள் பரீட்சையில் தேறினபோதுகூட அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நான் அப்பவே சொன்னேன். தலைல எண்ணெய், கைல கிரீம், இதோட வந்து பூசுனா குழிதான் விழும். பொம்பளைங்க வேலையாம்மா இது?"

டைலரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைங்க வேலை எதுன்னு என் கடைல வந்து சொல்லாதீங்க. மேசைக்கு வழி சொல்லுங்க."

"வழி இருக்கே. இந்த மைக்காவ ஒட்டிட்டா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. மரம் மாதிரியே படம் போட்டிருக்கு பாருங்க."

"நிஜ மரத்து மேல மரப் படமா?" என்றார் அண்ணி. "உங்க மூஞ்சி மேல உங்க போட்டோவ ஒட்டிக்கிட்டு வெளிய போவீங்களா மேஸ்திரி?"

பின்னறையில் எட்டு மெஷினும் நின்றுபோயின. மேஸ்திரி பசை டப்பாவை மேசைமேல் வைக்கப் போனார். அண்ணி தன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அத வச்சீங்கன்னா அதுலயே உங்க கைய ஒட்டிவிட்டுருவேன். தள்ளி நில்லுங்க, நான் இன்னும் பாத்து முடிக்கல."

டார்ச்சை எடுத்தார். மேசையின் ஓரத்தில் கன்னத்தைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். நாங்கள் அவர் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தோம். அப்புறம் இந்தப் பக்கம் வந்து படுத்தார். பிறகு, படுத்தவாக்கிலேயே கூப்பிட்டார்.

"சுருக்கம், இங்க வா."

சுருக்கம் என்பது நான்தான். இஸ்திரி போடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். போய்ப் பக்கத்தில் குனிந்தேன்.

"கன்னத்த வை. ஒரு கண்ண மூடு. என்ன தெரியுது?"

"குழி தெரியுது அண்ணி."

"குழி இல்லாத இடம் எப்படித் தெரியுது?"

பார்த்தேன். கோடிக் குழிகளுக்கு நடுவே வழவழவென்று சுத்தமான ஒரு இடம். அதற்கு ஒரு காலர் இருந்தது. ரெண்டு பக்கமும் ரெண்டு அரைக் கை இருந்தது. மேசைமேல் ஒரு சட்டை மல்லாந்து படுத்திருந்தது.

கடையில் இருந்த எல்லோரும் வரிசையாக வந்து கன்னம் வைத்துப் பார்த்தார்கள். பார்த்து நிமிர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் போட்டிருந்தது என் சட்டைதான்.

விசயம் இதுதான். தச்சர் மேசையைச் செய்துவிட்டுப் போன பிறகு, பசை காய ஒரு வாரம் அது சும்மா கிடந்தது. அவ்வளவு பெரிய மேசை, என் ஸ்டாண்டோ பாய் மாதிரிக் குறுகல். ஒரே அளவில் நாற்பது யூனிபாரம் சட்டை வேறு வந்திருந்தது. மேசைமேல் ஒரு போர்வையைக்கூட விரிக்காமல், ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்ப்ரே அடித்து மடிப்பெடுத்து, பிறகு ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டி போட்டேன். அந்த ஸ்ப்ரே என் ரகசியம். அடித்தால் இஸ்திரிப் பெட்டி பனிக்கட்டிமேல் போவது மாதிரிப் போகும். இந்தக் கையில் என்ன மாயமோ என்று டைலர்கள் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். நானும் கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கொண்டா அத" என்றார் அண்ணி. பாட்டிலைக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். ரேகையில்லாத விரல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியது. "சிலிக்கான். இது பட்ட இடத்துல வார்னிஷ் நிக்காது, பயந்து விலகி ஓடும். சட்டை மறச்ச இடம் தப்பிச்சிருச்சு, சுத்தி எல்லாம் போச்சு."

"வேணும்னு செய்யல அண்ணி" என்றேன்.

"வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு நேரா செஞ்சிருக்க மாட்டியே. காலர் கூட சரியா விழுந்திருக்கு."

"அதான் கை மாயமா" என்று பட்டன் கட்டுகிற அக்கா கேட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் கடையில் என்னை மாயம் என்றுதான் கூப்பிட்டார்கள். சுருக்கமே தேவலாம் என்று ஆகிவிட்டது.

மேஸ்திரியின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் விடவில்லை. "சட்டையோ கால்சட்டையோ, மரத்துல இறங்கிருச்சுல்ல? இறங்குனா வெளிய வராது. இனிமே அந்த மரத்துக்கு மைக்காதான் கதி."

"நான் வர வைக்கிறேன்."

"திங்கக்கிழமைக்குள்ளயா?"

"திங்கக்கிழமைக்குள்ள."

"வரலைன்னா?"

அண்ணி நிமிர்ந்து நின்றார். "வரலைன்னா உங்க மைக்காவுக்கு நானே பசை தடவித் தர்றேன். உங்க பட்டறைக்கே வந்து திரும்பவும் தேய்க்கிறேன். பிரஷ்ஷ இந்த ஜென்மத்துல தொட மாட்டேன். போதுமா?"

அண்ணன் அங்கே இருந்திருந்தால் ஒரு நாற்காலியைத் தேடியிருப்பான். டைலரம்மா ரெண்டு பேரையும் பார்த்தார். "திங்கக்கிழமை பத்து மணி" என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி மைக்காவையும் பசையையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "எப்படியும் திரும்பத் தூக்கிட்டுத்தான வரணும், இங்கயே இருக்கட்டும்" என்று போனார்.

அன்றைக்கு அண்ணி உப்புத்தாளைத் தொடவே இல்லை. இருபது வருசத்தில் அது முதல் தடவை. "தேய்ச்சா எண்ணெய் பரவும். சுரண்டித்தான் எடுக்கணும்" என்றார். மெல்லிய எஃகுத் தகட்டை ரெண்டு கையாலும் பிடித்து வளைத்து, பூசின பூச்சு முழுவதையும் சீவிச் சீவி எடுத்தார். தரையெல்லாம் மீன் செதில் மாதிரி விழுந்தது. பிறகு தின்னரில் துணியை நனைத்து ஒரே ஒரு இழுப்பு, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துணி. துடைத்த துணியால் மறுபடி துடைத்தால் அழுக்கு இடம்தான் மாறுமாம். உலகத்தில் வேறு எந்த மேசைக்கும் அவ்வளவு துண்டுத் துணி கிடைத்திருக்காது. எட்டு டைலர்களும் வெட்டு மிச்சத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த மேசையைத் துடைத்த துணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே யூனிபாரம் தைத்திருக்கலாம்.

சாயங்காலம் ஒரு பாட்டிலை எடுத்தார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதன் மெழுகெல்லாம் பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆடாமல் அசையாமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுத்து, மேசை முழுக்க மெல்லிசாக ரெண்டு தடவை பூசினார். மிச்சம் மீதி எண்ணெய் மேலே வராமல் அது மூடிவிடுமாம். பாதி காய்ந்ததும் கன்னம் வைத்துப் பார்த்தார். சட்டை எழுந்து போய்விட்டிருந்தது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. எனக்குக் கடை இருக்கும் தெருவுக்கே அனுமதி இல்லை என்றார். "குளிச்சிட்டு வந்தாலும் வராத. உன் மேல அந்த வாசன இருக்கு." கெஞ்சின பிறகு, வெளியே ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் வேலையைக் கொடுத்தார். ஒரு நாயைக்கூட நான் விடவில்லை. உண்மையில் எந்த நாயும் வரவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணி தலையைத் துணியால் இறுக்கக் கட்டியிருந்தார். வெறுங்கால். ஈரத் தரை. பிரஷ்ஷை வார்னிஷ்ஷில் பாதிக்குமேல் நனைக்கவில்லை. மேசையின் அந்தக் கோடியில் ஆரம்பித்து இந்தக் கோடிவரை மரத்தின் வரியோடு ஒரே இழுப்பு, பக்கவாட்டில் நடந்துகொண்டே. எட்டடி முடியும்போது பிரஷ் தானாக மேலே எழும்பும். அடுத்த இழுப்பு, போன இழுப்பின் ஈரம் காய்வதற்குள், அதன் ஓரத்தைக் கொஞ்சம் கவ்விக்கொண்டு. எங்கேயும் நிற்கவில்லை. அவர் மூக்கு அரித்தது எனக்கே தெரிந்தது. சொறியவில்லை. போன் அடித்தது. அது அண்ணன். பிறகு விசாரித்ததில், வீட்டு நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பூச்சு. முக்கால் மேசை முடிந்திருந்தது. நிறுத்தி வைத்திருந்த மின்விசிறியின் இறக்கையிலிருந்து ஒரு ரோஸ் நிற நூல், விரற்கடை நீளம், ஆடி ஆடி இறங்கியது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று ஊதினேன். கண்ணாடிதான் மங்கியது. நூல் அவர் ஏற்கெனவே பூசி முடித்த இடத்தில், ஈரத்தில் போய்ப் படுத்தது. அண்ணி அதைப் பார்த்தார். திரும்பிப் போய் எடுத்தால் இங்கே ஓரம் காய்ந்து திட்டு விழும். அவர் திரும்பவில்லை. கடைசி ஓரம்வரை இழுத்து முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"நூலு விழுந்திருச்சு அண்ணி."

"தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேஸ்திரியும் துணி மூட்டைகளும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஆள் நேராக மேசைக்குப் போனார். அண்ணி குறுக்கே நின்றார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது மேல ஒரு ஊசி கூட வைக்கக் கூடாது. மேல காஞ்சிருக்கு, உள்ள இன்னும் இறுகணும்."

"மைக்கான்னா இப்பவே வைக்கலாம்" என்றார் மேஸ்திரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டைலரம்மா கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கை துடைத்துக்கொண்டார். மெல்லிய பட்டுத் துணியில் ஒரு முழம் எடுத்து, மேசையின் ஒரு கோடியில் நின்று லேசாக வீசி விட்டார். அது மேசைமேல் உட்காரவே இல்லை. வழுக்கிக்கொண்டே எட்டடியும் போய், அந்தக் கோடியைத் தாண்டி, மேஸ்திரியின் காலடியில் விழுந்தது. மேசையில் மேல்கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, வாயைத் திறந்துகொண்டு நின்ற நான் தெரிந்தேன். அதற்கெல்லாம் அடியில் மரத்தின் வரி ஒன்று விடாமல் தெரிந்தது.

"மூட்டைய எல்லாம் இஸ்திரி ஸ்டாண்டு மேல வைங்க" என்றார் டைலரம்மா. "அந்த மாயக்காரன் வெள்ளிக்கிழமை வரைக்கும் தரைல உக்காந்து தேய்க்கட்டும்."

மேஸ்திரி மெதுவாகக் குனிந்தார். கன்னத்தைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். நீள வாக்கில் பார்த்தார், அகல வாக்கில் பார்த்தார். ஒரு சட்டையும் இல்லை, ஒரு குழியும் இல்லை. கடைசியில் அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதோ. ஒரு நூலு."

"ஆமா" என்றார் அண்ணி. "ரோஸ். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு விழுந்துச்சு. திரும்பி எடுத்திருந்தா திட்டு விழும். உங்களுக்குத்தான் தெரியுமே."

"தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பூசணும் அத."

"எதுக்கு?" என்று டைலரம்மா கேட்டார். "என் கடை நூலு. நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரி நிமிர்ந்தார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்.

"யாரும்மா கத்துக் குடுத்தது உனக்கு?"

"நீங்கதான் மேஸ்திரி."

"நான் உன் கைல பிரஷ்ஷே குடுத்ததில்லையே."

"ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல தேய்க்கிறது யாரு? நீங்க எங்க நிறுத்துனீங்க, எங்க அவசரப்பட்டீங்க, எங்க தும்முனீங்க, எல்லாத்தையும் நான்தான தேய்ச்சு எடுத்தேன். இருபது வருசத் தப்பு. எல்லாம் விரல்ல இருக்கு."

மேஸ்திரி பழக்க தோசத்தில் கட்டை விரலை மேசை நடுவில் அழுத்திப் பார்த்தார். வார்னிஷ் அமுங்கவில்லை. ஆனால் விரலை எடுத்தபோது அந்தப் பளபளப்பில் அவருடைய ரேகை, சுழிசுழியாக, அச்சு மாதிரி நின்றது. இத்தனை நாளும் அண்ணி தொட்ட இடம் எதிலும் அப்படி ஒன்று விழுந்ததில்லை.

டைலர்கள் வெட்டு மிச்சத்திலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினார்கள். அண்ணி வாங்கி, அதை மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"துடைச்சிட்டுப் போங்க. போறப்ப மறக்காம மைக்காவையும் எடுத்துக்கோங்க."

அவர் துடைத்தார். மரத்தின் வரியோடு, ஒரே இழுப்பில்.